மூன்றாவது ஏலியன்: பார்க்கலாமா, தாண்டிப் போகலாமா?

நண்பன் ஒருவன் ‘ஏலியன்’ தொடரின் இரண்டாவது படமான ‘ஏலியன்ஸை’ முதல்முறையாகப் பார்த்து முடித்த கையோடு, இரவு பதினொன்றரைக்கு எனக்குப் போன் போட்டான். “செம படம்டா. மூணாவது பார்ட்டை இப்பவே போட்டுரவா?” என்றான். “இப்ப வேண்டாம், போய்த் தூங்கு” என்றேன். ஏன் என்றான். அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். மறுநாள் யோசித்துப் பார்த்தால் அவன் முன்னால் நிறைய வழிகள் இருக்கின்றன. இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். 1992-இல் தியேட்டருக்கு வந்த பதிப்பைப் பார்க்கலாம். 2003-இல் வெளியான நீளமான பதிப்பைப் பார்க்கலாம். மூன்றைத் தாண்டி நான்காவதற்குப் போகலாம். இல்லையென்றால் வேறு பக்கமே திரும்பிவிடலாம்.

இனி வருவதில் மூன்றாவது படத்தின் கதை மொத்தமும் உடையும். பொதுவாக ஸ்பாய்லர் சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இந்த ஒரு படத்துக்கு மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் உபகாரம் என்று நினைக்கிறேன். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

‘ஏலியன் 3’ மீது ரசிகர்களுக்கு இருக்கும் கோபம் சாதாரணமானதல்ல. 1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த முதல் படம், விண்கப்பலில் மாட்டிக்கொண்ட ஏழு பேரையும், பிற உயிரின் உடலுக்குள் வளர்ந்து பிளந்துகொண்டு வரும் ஒரு ஜந்துவையும் வைத்துச் செய்த சுத்தமான பயப்படம். 1986-இல் ஜேம்ஸ் கேமரூன் அதையே போர்ப்படமாக மாற்றினார். அதைவிட முக்கியமாக, முதல் படத்தில் தப்பிப் பிழைத்த ஒரே ஆளான நாயகி ரிப்ளிக்கு ஒரு குடும்பத்தைக் கொடுத்தார். பெற்றோரை இழந்து காற்றுக் குழாய்களுக்குள் ஒளிந்து வாழ்ந்த சிறுமி நியூட், கொஞ்சமாகப் பேசும் சிப்பாய் ஹிக்ஸ், மனிதர்களைவிட நம்பகமான எந்திர மனிதன் பிஷப். அத்தனை ஓட்டத்துக்கும் பிறகு நான்கு பேரும் உறக்கப் பெட்டிகளில் படுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். இனிமேல் கனவு காணலாமா என்று நியூட் கேட்கிறாள். காணலாம் என்கிறாள் ரிப்ளி.

மூன்றாவது படத்தின் டைட்டில் ஓடி முடிவதற்குள் அந்தக் குடும்பம் இல்லை. கப்பலில் எப்படியோ ஜந்துவின் முட்டை ஒன்று இருக்கிறது. தீப்பிடிக்கிறது. தப்பிக்கும் கலம் ஃபியோரினா 161 என்ற சிறைக் கோளில் போய் விழுகிறது. நியூட் பெட்டிக்குள்ளேயே மூழ்கிச் சாகிறாள். ஹிக்ஸை ஒரு தூண் குத்திக் கொல்கிறது. பிஷப் பாதி உடைந்த பொம்மை. யாரும் போராடவில்லை, யாரும் யாரையும் காப்பாற்றப் பார்க்கவில்லை. தூங்கும்போதே கதை முடிந்தது. போன படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வியர்வை சிந்திச் சேர்த்ததை இந்தப் படம் டைட்டில் நேரத்திலேயே தொலைத்துவிடுகிறது. வெறும் மோசமான படத்தை மறந்துவிட்டுப் போகலாம். இது போன படத்தின் முடிவையும் சேர்த்துக் கெடுத்தது. அதுதான் மன்னிக்க முடியாமல் போனது.

இதில் இன்னொரு எரிச்சலும் உண்டு. 1991-இல் வந்த முன்னோட்டம், கதை பூமியில் நடக்கப்போகிறது என்ற எண்ணத்தை உண்டாக்கியது. வந்த படத்தில் பூமியே கிடையாது. மொட்டைத் தலைக் கைதிகள், துருப்பிடித்த உலை, மருந்துக்குக்கூட ஒரு துப்பாக்கி இல்லை. ‘ஏலியன்ஸ்’ மாதிரி இன்னொன்று வரும் என்று போனவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, முதல் வழி: இரண்டோடு நிறுத்துவது. இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ‘ஏலியன்ஸ்’ முடிவு முழுமையானது, எதுவும் தொங்கலில் இல்லை. தொடரின் எல்லாப் படங்களையும் பார்த்தே தீரவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நியூட்டும் ரிப்ளியும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று நினைத்துக்கொண்டே வாழ்நாளைக் கழிக்கும் ரசிகர்கள் உண்டு. அவர்கள் இழப்பது என்ன என்று கேட்டால், ரிப்ளியாக வரும் சிகர்னி வீவரின் நடிப்பில் மிகத் தனிமையான ஒன்றை இழக்கிறார்கள் என்பேன். முதல் படத்தில் அவள் தப்பித்தவள், இரண்டாவதில் தாய். மூன்றாவதில் இழக்க எதுவும் மிச்சமில்லாத ஒருத்தி. அந்த முகம் மற்ற இரண்டு படங்களிலும் கிடையாது.

பார்ப்பது என்று முடிவெடுத்தவர்களுக்குத்தான் உண்மையான குழப்பம்: எந்தப் பதிப்பு? அதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும்.

இந்தப் படத்துக்காக எழுதப்பட்ட திரைக்கதைகளை அடுக்கினால் தனி அலமாரி தேவைப்படும். அறிவியல் புனைகதை எழுத்தாளர் வில்லியம் கிப்சன் ஒன்று எழுதினார். எரிக் ரெட் ஒன்று எழுதினார். டேவிட் டூஹி எழுதியதில் சிறைக் கோள் வந்தது. இயக்குவதாக இருந்த ரென்னி ஹார்லின் விலகினார். பிறகு வந்த வின்சென்ட் வார்ட், மரத்தாலேயே ஆன ஒரு கோள், அதில் துறவிகள் என்று ஒரு விசித்திரமான கதையோடு வந்தார், அவரும் போனார். கடைசியில் சிறை ஒரு கதையிலிருந்தும் பக்தி இன்னொன்றிலிருந்துமாக ஒட்டுப்போட்டு, உலக முடிவை எதிர்பார்க்கும் கைதிகளின் மதம் ஒன்று உருவானது. இந்த நிலையில்தான் இசைக் காணொளிகள் எடுத்துப் பேர் வாங்கியிருந்த டேவிட் ஃபின்ச்சரின் கையில் முதல் படமாக இது வந்து விழுந்தது. 1991 தொடக்கத்தில் பைன்வுட் ஸ்டுடியோவில் படப்பிடிப்பு ஆரம்பித்தபோது அவருக்கு 28 வயது, திரைக்கதை முடிந்திருக்கவில்லை. ஒளிப்பதிவாளர் ஜோர்டன் குரோனன்வெத் உடல்நிலை காரணமாகச் சீக்கிரமே விலக, அலெக்ஸ் தாம்சன் வந்தார். ஸ்டுடியோவோடு ஓயாத சண்டை. இறுதி எடிட்டிங் முடிவதற்குள் ஃபின்ச்சர் வெளியேறிவிட்டார். அந்தப் படத்தைத் தன்னைவிட அதிகமாக வெறுப்பவர் யாருமில்லை என்று பல வருடம் கழித்தும் பேட்டியில் சொன்னவர் அவர்.

தியேட்டர் பதிப்பு ஏறத்தாழ 115 நிமிடம். 2003-இல் நான்கு படங்களும் சேர்ந்த டிவிடி தொகுப்பு வந்தபோது, ஃபின்ச்சரின் ஆரம்பக்கட்ட எடிட்டிங்கை ஒட்டி 145 நிமிடத்துக்கு இன்னொரு பதிப்பைத் தயாரித்தார்கள். அதன் பெயர் ‘அசெம்ப்ளி கட்’. டைரக்டர்ஸ் கட் என்று இதைச் சொல்லக் கூடாது, ஃபின்ச்சர் அதில் கலந்துகொள்ளவே மறுத்துவிட்டார். அவர் மனதில் இருந்த படம் இதுதானா என்று கேட்டால், அதற்குப் பக்கத்தில் இருப்பது என்று மட்டும் சொல்லலாம். 2003 டிவிடியில், திரும்பச் சேர்த்த காட்சிகள் சிலவற்றில் ஒலி படு மோசம். 2010-இல் பிளூரே வந்தபோது நடிகர்களைக் கூப்பிட்டு அந்த வசனங்களைப் புதிதாகப் பதிவு செய்து சரிசெய்தார்கள். ஆகவே இந்தப் பதிப்பைத் தேடுபவர்கள் 2010-க்குப் பிந்தையதைப் பிடியுங்கள்.

அந்த அரை மணி நேரத்தில் என்னதான் இருக்கிறது? முதல் வித்தியாசம் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். தியேட்டர் பதிப்பு நம்மை அவசரமாகச் சிறைக்குள் தள்ளிவிடுகிறது. நீளப் பதிப்பில், சார்லஸ் டான்ஸ் நடிக்கும் மருத்துவர் கிளெமென்ஸ் கரி படிந்த கடற்கரையில் தனியாக நடந்து வருகிறார். ரிப்ளி கரை ஒதுங்கிக் கிடக்கிறாள். மாடுகளைப் பூட்டிக் கலத்தைக் கடலிலிருந்து இழுக்கிறார்கள். விண்வெளிப் படத்தில் மாடு! ஆனால் அந்த ஒரு காட்சியிலேயே இந்த இடம் எவ்வளவு கைவிடப்பட்டது என்பது புரிந்துவிடுகிறது.

இரண்டாவது, கோலிக். பால் மெக்கேன் நடித்த மனம் பிறழ்ந்த கைதி. தியேட்டர் பதிப்பில் மருத்துவ அறைக் கட்டிலில் கட்டிக் கிடக்கும் அவர் பாதியில் காணாமல் போகிறார். என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை, படமும் சொல்வதில்லை. நீளப் பதிப்பில்தான் அவர் கதை முழுசாக இருக்கிறது. கைதிகள் பல உயிரைக் கொடுத்து ஜந்துவை அணுக்கழிவு அறை ஒன்றில் உண்மையிலேயே அடைத்துவிடுகிறார்கள். ஜெயித்துவிட்டார்கள்! அப்புறம் கோலிக் தப்பித்துப் போய், தான் தெய்வமாகக் கும்பிடும் அந்த ஜந்துவைப் பார்க்கக் கதவைத் திறந்துவிடுகிறான். இந்தப் பகுதி இல்லாததால்தான் தியேட்டர் பதிப்பின் நடுப்பகுதி தளர்ந்துபோய்க் கிடக்கிறது. பெரிய தீ விபத்து நடக்கிறது, ஆட்கள் சாகிறார்கள், அதற்கப்புறம் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து யோசிக்கிறார்கள். இத்தனை பேர் செத்ததற்குக் கதையில் பலன் என்ன என்றால் ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால், ஸ்டுடியோ வெட்டியதிலேயே பெரிய முட்டாள்தனம் இதுதான். மனிதனே கதவைத் திறந்துவிடுவதுதானே இந்தத் தொடர் முழுக்க நடக்கிறது? முதல் படத்தில், ஜந்துவை எப்படியாவது கைப்பற்ற நினைக்கும் கம்பெனியின் உத்தரவு, இரண்டாவதில் கம்பெனியின் பேராசை, இங்கே பக்தி.

மூன்றாவது, முடிவு. தனக்குள் முட்டையிடும் ராணி ஜந்து ஒன்று வளர்கிறது என்று தெரிந்த ரிப்ளி, கம்பெனி ஆட்கள் கண் முன்னாலேயே உலைக்குள் விழுகிறாள். தியேட்டர் பதிப்பில் விழும்போதே மார்பைப் பிளந்துகொண்டு அது வெளியே வர, அவள் அதைக் கையால் பிடித்து அணைத்தபடி போகிறாள். நீளப் பதிப்பில் அது வெளியே வருவதில்லை. கைகளை விரித்து அமைதியாகப் பின்னால் சாய்கிறாள், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். முதலாவதில், அவள் குதிக்காமல் இருந்திருந்தாலும் அடுத்த நொடி செத்திருப்பாள் என்று ஆகிவிடுகிறது. இரண்டாவதில் அது முழுக்க அவளுடைய முடிவு.

அதற்காக எல்லாவற்றிலும் நீளப் பதிப்பே ஜெயிக்கிறது என்று சொல்லமாட்டேன். ஜந்து பிறக்கும் காட்சியில் என் ஓட்டு தியேட்டர் பதிப்புக்கு. அதில் ஒரு கைதியின் நாய்க்குள்ளிருந்து ஜந்து வருகிறது, நீளப் பதிப்பில் செத்த மாட்டுக்குள்ளிருந்து. இந்தப் படத்து ஜந்து நாலு காலில், மெலிந்த உடலோடு, சுவரிலும் கூரையிலும் ஓடுவது. நாய் என்றால் அதைப் பார்த்தவுடனே நம்ப முடிகிறது. மாட்டுக்குள்ளிருந்து இப்படி ஒன்று வந்தது என்றால் கொஞ்சம் இடிக்கிறது. இதையொட்டி ஒரு வேடிக்கையும் உண்டு. விப்பெட் என்ற ஒல்லி ரக நாய்க்கு ஏலியன் வேஷம் போட்டு ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பார்க்கச் சிரிப்பாக இருந்ததால் விட்டுவிட்டு, கோல்களால் ஆட்டும் பொம்மைக்குப் போனார்கள். அந்தப் பொம்மையைத் தனியாகப் படம் பிடித்துக் காட்சியில் ஒட்டிய ஓரங்கள் இன்றைக்குப் பளிச்சென்று தெரிகின்றன. அது இரண்டு பதிப்புக்கும் பொதுவான குறை. ஆனாலும் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு இந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை வாங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பொதுவான குறை இன்னொன்று, கடைசித் துரத்தல். எல்லோருக்கும் மொட்டைத் தலை, எல்லோருக்கும் ஒரே அழுக்கு உடை, எல்லாத் தாழ்வாரமும் ஒரே மாதிரி. யார் ஓடுகிறார், எந்தக் கதவு மூடியது, செத்தது யார் என்று ஒன்றும் விளங்காது. நீளப் பதிப்பில் முதல் பாதியிலேயே இந்த முகங்களோடு கொஞ்சம் பழகிவிடுவதால் பரவாயில்லை. சார்லஸ் டட்டன் நடித்த டில்லனை மட்டும் எந்தப் பதிப்பிலும் மறக்க முடியாது. நியூட்டையும் ஹிக்ஸையும் உலையில் இடும்போது அவர் பேசும் இரங்கல் பேச்சும், அதே நேரம் இன்னொரு மூலையில் ஜந்து பிறப்பதும் மாறிமாறி வரும். வெறுப்பவர்கள்கூட அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள்.

பதிப்பு எதுவானாலும் சரி, முதல் பத்து நிமிடத்தை எந்த எடிட்டராலும் சரிசெய்ய முடியாது. நீளப் பதிப்பிலும் நியூட் செத்துத்தான் கிடக்கிறாள். முதல்முறை பார்த்தபோது அந்த ஆத்திரத்திலேயே மீதிப் படத்தை நான் சரியாகக் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை, நடக்கப்போவது தெரிந்து உட்கார்ந்தபோதுதான் இது சாவுக்கு அப்புறம் என்ன என்பதைப் பற்றிய படம் என்று உறைத்தது. அதனால்தான் சொல்கிறேன், நியூட்டின் சாவை முதலிலேயே தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது. அந்த அதிர்ச்சிக்குப் பின்னால் ஒரு படம் இருக்கிறது, அதைப் பார்க்கக் கண் தெளிவாக இருக்க வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: இரண்டாவது படத்தின் எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதும் கணக்கில் சேரும். ‘ஏலியன்ஸ்’ தியேட்டர் பதிப்பு 137 நிமிடம், சிறப்புப் பதிப்பு 154. கூடுதல் காட்சிகளில் ஒன்றில், ரிப்ளி 57 வருடம் தூங்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய மகள் வயதாகி இறந்துபோன செய்தி வருகிறது. அதைப் பார்த்தவர்களுக்கு நியூட் இரண்டாவது மகள். மூன்றாவது படத்தில் அந்தச் சின்ன உடலைப் பிணப்பரிசோதனை செய்யச் சொல்லி ரிப்ளி நிற்கும்போது அவர்களுக்குத் தாங்காது. என் நண்பன் பார்த்தது சிறப்புப் பதிப்பு. இரவு பதினொன்றரைக்கு நான் தடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தாண்டிப் போகும் வழிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1997-இல் வந்த ‘ஏலியன்: ரிசரெக்‌ஷன்’ ஜான் பியர் ஜூனே இயக்கியது. 200 வருடம் கழித்து ரிப்ளியைக் குளோன் செய்து எழுப்புகிறார்கள். மூன்றாவதைப் பார்க்காமலே கதை புரியும், அவள் செத்தாள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஆனால் மூன்றில் ஏமாந்த மனதை ஆற்றிக்கொள்ள இதற்குப் போகாதீர்கள். கேலியும் அருவருப்புமாக வேறொரு ருசி இது. நீருக்கடியில் வரும் துரத்தல் நன்றாக இருக்கும். தோற்றுப்போன முந்தைய குளோன்களை ரிப்ளி பார்க்கும் அறை, தொடரிலேயே மனதைப் பிசையும் காட்சிகளில் ஒன்று. அதற்கப்புறம் கடைசியில் வரும் புது ஜந்துவைப் பார்த்தால் பயமும் வராது, பரிதாபமும் வராது.

2024-இல் ஃபெடே ஆல்வரெஸ் எடுத்த ‘ஏலியன்: ரோமுலஸ்’ இன்னொரு தப்பிக்கும் வழி. கதை முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நடப்பதால் மூன்றாவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பயம்தான் வேண்டும், துக்கம் வேண்டாம் என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதற்குப் போகலாம். பழைய படங்களின் வசனங்களை அங்கங்கே எடுத்துப் போட்டிருப்பதுதான் கொஞ்சம் உறுத்தும்.

ஹிக்ஸை விடவே முடியாதவர்களுக்கு ஒரு விநோத வழி இருக்கிறது. படமாகாமல் போன கிப்சனின் திரைக்கதை பிற்பாடு காமிக்ஸாகவும், 2019-இல் ஒலி நாடகமாகவும் வந்தது. ஒலி நாடகத்தில் ஹிக்ஸாக மைக்கேல் பீன், பிஷப்பாக லான்ஸ் ஹென்ரிக்சன், அதே பழைய குரல்கள். ரிப்ளி பெரும்பாலும் நினைவில்லாமல் கிடக்க, ஹிக்ஸ்தான் நாயகன். கேட்டுப் பார்த்தேன். ஆசைப்பட்டது கிடைத்தது. ஆனால் முடித்தபின் மனதில் பெரிதாக எதுவும் நிற்கவில்லை. நாம் வெறுக்கும் ‘ஏலியன் 3’ காட்சிகள் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லையே. ஜந்துவின் பல் ரிப்ளியின் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவளைக் கொல்லாமல் போகும் அந்த ஒரு படிமம் போதும்.

ஆக, என் சிபாரிசு இது. ‘ஏலியன்ஸ்’ உங்களுக்கு நியூட்டின் கதையாகப் பட்டது என்றால் இரண்டோடு நில்லுங்கள், ஆசை அடங்காவிட்டால் ரோமுலஸ் பாருங்கள். ரிப்ளியின் கதையாகப் பட்டது என்றால் மூன்றாவது கட்டாயம் வேண்டும், அதுவும் அசெம்ப்ளி கட்தான். ‘ஏலியன்ஸு’க்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஒரு மாதமாவது இடைவெளி விடுங்கள். ஒரே வாரத்தில் நான்கையும் முடிக்கிறேன் என்று உட்காருபவர்கள் மூன்றாவதற்குத்தான் அதிகம் அநியாயம் செய்கிறார்கள். தியேட்டர் பதிப்பு, நீளப் பதிப்பு பிடித்துப்போய் நாய்க் காட்சியையும் பார்க்கவேண்டும் என்று தோன்றும்போது போதும்.

நண்பனிடம் நியூட், ஹிக்ஸ், ரிப்ளி எல்லோருடைய சாவையும் சொல்லிவிட்டு இதையும் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அவன் வீட்டில் வயதான நாய் ஒன்று இருக்கிறது. “மத்ததெல்லாம் சரிடா. நாய் சாகுமா?” என்றான். அசெம்ப்ளி கட்டில் நாயே கிடையாது, மாடுதான், அதுவும் ஏற்கெனவே செத்துப்போன மாடு என்றேன். “அப்போ அதையே போடுறேன்” என்றான்.